மல்லாட்டை மண்டியில் நடந்த கலைவிழா

திண்டிவனத்தில் எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூடச் சீருடை, அவ்வளவுதான். அளவு கொடுக்க வருகிற பெண்கள் உடனே எழுந்து போவதில்லை. மின்விசிறிக்குக் கீழே கிடக்கிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிவிட்டுத்தான் போவார்கள். அப்படி வந்து உட்கார்ந்து சிநேகமானவர்தான் ஓவிய டீச்சர். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்து, எங்கள் ஊர் அரசுப் பள்ளி ஒன்றில் பகுதிநேரமாக ஓவியம் சொல்லிக்கொடுப்பவர். என்னைவிட இளையவர். அதனால் நான் டீச்சர் என்பேன், அவர் என்னை அக்கா என்பார்.

ஒருநாள் மாலை டீச்சர் பெரிய காகிதச் சுருளோடு வந்தார். பிள்ளைகள் வரைந்த படங்கள்.

“இத எங்க வெக்கறதுன்னே தெரியலக்கா. ஸ்கூல்ல பீரோ இல்ல. எங்க வூட்ல எடம் இல்ல. பழைய பேப்பருக்குப் போட மனசும் வரல” என்றார்.

துணி வெட்டுகிற மேசையைக் காலிசெய்து படங்களை விரித்தோம். ஒரு பெண் பிள்ளை எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டை மேலேயிருந்து பார்ப்பதுபோல வரைந்திருந்தாள். பஸ்களின் முதுகு, பூக்காரியின் கூடை, குடைக்குள் ஒளிந்த ஒரு ஆள், எல்லாம் உச்சியிலிருந்து. அந்தப் பிள்ளையின் வீடு ஓட்டு வீடு, மாடியே கிடையாது என்றார் டீச்சர். எங்கேயிருந்து பார்த்தாய் என்று கேட்டதற்கு, “கண்ண மூடிக்கினு பாத்தேன் மிஸ்” என்றாளாம்.

அப்போது கடையில் இன்னொருவரும் இருந்தார். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்ப்பவர்; கொக்கி வைப்பதற்காகக் கொடுத்த ஜாக்கெட்டுக்குக் காத்திருந்தார். அவர் எழுந்து வந்து படத்தைப் பார்த்துவிட்டு, “இத நாலு பேரு பாக்கணும்ங்க” என்றார்.

“படத்த பாக்கறதுக்குன்னு யாரு வருவாங்க?” என்றேன் நான்.

“பாட்டு வெச்சா வருவாங்க. நான் பாடுறேன்” என்றார் நர்ஸ். இத்தனை வருடமாக அவருக்குத் துணி தைக்கிறேன், அவர் பாடுவார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நானும் சர்ச் பாடல் குழுவில் இருப்பவள் என்று சொன்னேன். டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த ஒரு ஜாக்கெட்டுக்கு நான் கொக்கி வைத்து முடிப்பதற்குள் எங்கள் ஊருக்கு ஒரு கலைவிழா முடிவாகிவிட்டது.

டீச்சருக்கு ஒரே ஒரு பிடிவாதம். சிறப்பு விருந்தினர் கிடையாது, பொன்னாடை கிடையாது. “மேடையில நாற்காலி போட்டோம்னா விழா நாற்காலிக்குத்தான் நடக்கும்க்கா” என்றார். சுற்றுவட்டாரத்து ஜனங்களுக்கு என்ன தெரியுமோ அதை அவர்களே வந்து காட்டவேண்டும், மற்றவர்கள் உட்கார்ந்து பார்க்கவேண்டும். டீச்சரின் தலைமையாசிரியை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பள்ளி மைதானத்தைத் தருவதாகச் சொன்னார். காவல் நிலையத்திலும் அனுமதி கிடைத்தது.

ஆள் சேர்ப்பதுதான் பெரிய வேலையாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. கேட்டால் போதும் என்று எத்தனையோ பேர் காத்திருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் புல்லாங்குழல் வாசிப்பாராம். என் கடைக்கு எதிரே பழம் விற்கிற அம்மா ஒப்பாரியைக்கூடச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார் என்று அவருடைய மருமகள் வந்து பெயர் கொடுத்தாள். அந்த அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அவரே வந்து, “என் பேர எட்த்துடாத” என்றார்.

கெடாரில் பறை அடிக்கிற பெண்கள் குழு ஒன்று இருப்பதாக நர்ஸ் சொன்னார். குழுவின் தலைவி அறுவைச் சிகிச்சைக்கு வந்தபோது இவர்தான் கவனித்துக்கொண்டாராம். இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். எல்லோரும் கழனி வேலை செய்கிறவர்கள். தலைவிக்கு ஐம்பது வயது இருக்கும். நர்ஸைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வந்த விஷயத்தைச் சொன்னோம்.

“சாவுக்கா, கோயிலுக்கா?” என்று கேட்டார்.

“ரெண்டும் இல்லக்கா. சும்மா” என்றேன்.

“சும்மாவா?” அவர் திரும்பி மற்றப் பெண்களைப் பார்த்தார். “இன்னாடி, சும்மா அடிக்கறதுக்குக் கூப்புடறாங்க!” எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் என்னிடம் திரும்பி, “சும்மா அடிக்கறதுக்கு இதுவரிக்கும் நம்மள யாரும் கூப்ட்டதில்லம்மா. வர்றோம்” என்றார்.

நானும் கெடார் போன்ற ஒரு ஊரின் காலனியில் பிறந்தவள்தான். பறைச் சத்தம் கேட்டால் யார் வீட்டில் சாவு என்று கேட்டு வளர்ந்தவள். அந்தச் ‘சும்மா’ அவருக்கு எவ்வளவு இனித்தது என்று எனக்குப் புரிந்தது.

ஆள் சேர்ந்துவிட்டது. கூட்டம் சேர்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. நோட்டீஸ் அடித்து எடுத்துக்கொண்டு நானும் டீச்சரும் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். நீட்டுகிற கையைப் பார்க்காமலே போனார்கள். நின்றவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: “எந்தக் கட்சி?” கட்சி இல்லை என்றால், “எந்தக் கோயிலு?” கோயிலும் இல்லை என்றால், “சீட்டு கம்பெனியா?” ஒரு பெரியவர் மட்டும் முழுவதையும் படித்துவிட்டு, “சாப்பாடு உண்டா?” என்றார். உண்டு என்றேன். நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். விழுப்புரத்தில் டீச்சர் ரயில் நிலையத்துக்கு வெளியே நின்று கொடுத்தார். மறுநாள் டீக்கடையில் போண்டா வாங்கியபோது எங்கள் நோட்டீஸில்தான் சுற்றிக் கொடுத்தார்களாம். அதைச் சொல்லும்போது டீச்சருக்கு முகம் வாடிவிட்டது. “போண்டா வாங்கினவரு படிச்சிருப்பாரு, விடுங்க டீச்சர்” என்றேன்.

என் கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவருடைய ஆட்டோவிலேயே ஸ்பீக்கர் கட்டி விளம்பரம் செய்யலாம் என்று முடிவாயிற்று. தொழில்முறையாக அறிவிப்பு செய்கிற ஒருவர் கணீரென்று பேசிப் பதிவுசெய்து கொடுத்தார். எழில்மிகு, எழுச்சிமிகு, அலைகடலெனத் திரண்டு வாரீர். முதல் நாள் சுற்றிவிட்டு வந்த என் கணவர் ஆட்டோவை நிறுத்திவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“இதக் கேட்டா கட்சி மீட்டிங்னு ஜனங்க ஜன்னல சாத்திக்கினு வூட்டுக்குள்ள பூந்துக்குதுங்க. பேஜாராப் பூட்ச்சி. நீ பேசு.”

“நானா? எனக்கு இன்னா தெரியும்?”

“கடையில பேசறல்ல, அத பேசு.”

கைபேசியில் பதிவு செய்தோம். பின்னாலே பக்கத்துக் கடைத் தையல் மெஷின் ஓடுகிற சத்தமும் விழுந்திருந்தது. நான் பேசியது இவ்வளவுதான்: “இது எந்தக் கட்சியும் இல்லங்க. எந்தக் கம்பெனியும் இல்லங்க. நம்ம ஜனங்களுக்கு இன்னா தெரியுமோ அத நம்மளே காட்டப் போறோம். பாடத் தெரிஞ்சவங்க பாடுவாங்க. தெரியாதவங்க உக்காந்து கேளுங்க. புள்ளைங்க படம் வரைஞ்சிருக்குதுங்க, வந்து பாத்துட்டுப் போங்க. ஸ்கூல் கிரவுண்டு. ஞாயித்துக்கெழம.”

முதல்முறை என் குரல் தெருவில் வந்தபோது நான் மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். ஆனால் அன்றைக்கே ஒரு அம்மா கடை வாசலில் நின்று, “ஆட்டோவுல பேசறது நீதான? நம்ம வூட்டுப் பொண்ணு வாசல்ல நின்னு கூப்புடற மாதிரி இருந்துச்சி, அதான் வெளிய வந்து பாத்தேன்” என்றார். அதற்குப் பிறகு குனியவில்லை. காய்கறிக் கடையில், சர்ச்சில், ரேஷன் கடை வரிசையில் ஜனங்கள் என்னிடம் விழாவைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள். யாரும் எந்தக் கட்சி என்று கேட்கவில்லை.

எல்லாம் கூடிவந்த வாரத்தில்தான் புயல் வந்தது.

வியாழக்கிழமை பிடித்த மழை வெள்ளிக்கிழமையும் விடவில்லை. கரண்ட் போய்விட்டது. சனிக்கிழமை காலை பள்ளி மைதானத்தைப் போய்ப் பார்த்தேன். ஏரி மாதிரி கிடந்தது. வகுப்பறைகளில் தாழ்வான தெருக்களிலிருந்து வந்த குடும்பங்கள் பாயும் பாத்திரமுமாகத் தங்கியிருந்தன. தலைமையாசிரியை அவர்களுக்குப் பால் காய்ச்ச ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அவரிடம் விழாவைப் பற்றி வாய் திறக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவராகவே என் கையைப் பிடித்து, “இன்னொரு நாளைக்கு வெச்சிக்கலாம்மா” என்றார்.

டீச்சரைக் கூப்பிட்டேன். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் முழங்கால் தண்ணீர், பஸ் எப்போது வரும் என்று தெரியவில்லை என்றார். அழுகிறார் என்று தெரிந்தது. “நிறுத்திடலாம்க்கா” என்றார். “சரி டீச்சர்” என்றேன்.

கடையைத் திறந்து சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு கல்யாணத்துக்குப் போவதற்காகத் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டுகளை வாங்கிக்கொள்ள மண்டிக்கார அக்கா குடையோடு வந்தார். அடுத்த தெருவில் அவர் கணவருக்கு மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை வியாபாரம். செஞ்சிப் பக்கத்து ஊரிலிருந்து வந்த சமணக் குடும்பம். அக்கா அதிகம் பேசமாட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். சொன்னேன்.

“எங்க குடோன் இப்ப காலிதான். புது மல்லாட்டை வர்றதுக்கு நாளாகும்” என்றார். பிறகு யோசித்து, “அவர ஒரு வார்த்த கேக்கணும். வர்றியா?” என்றார்.

ஒரே குடையில் இரண்டு பேரும் போனோம். மண்டிக்காரர் எடை மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா விஷயத்தைச் சொன்னதும் எழுந்து குடோன் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே பெரிய இடம். உயரமான தகரக் கூரை. ஒரு மூலையில் காலிச் சாக்குகள் அடுக்கியிருந்தன. தரை காய்ந்து கிடந்தது. அந்த மூன்று நாளில் நான் பார்த்த முதல் காய்ந்த தரை.

“உள்ள நெருப்பு கூடாதும்மா, சாக்கு இருக்குது. மாமிசம் கூடாது” என்றார் மண்டிக்காரர். “அப்புறம் நாங்க பொழுது சாயறதுக்கு முன்ன சாப்டணும். அந்த நேரத்துக்குக் கொஞ்சம் நிறுத்தினீங்கன்னா நாங்களும் ஒண்ணையும் விடாம பாப்போம்.”

இடம் கொடுப்பதோடு நில்லாமல் உட்கார்ந்து பார்க்கவும் போகிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

“கெடார்லேர்ந்து பறை அடிக்கிற பொம்பளைங்க வர்றாங்கங்க” என்றேன்.

அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். “தகரம் அதிருமே...” என்றார். நான் காத்துக்கொண்டிருந்தேன். “அதிர்ந்தா அதிரட்டும். பெருச்சாளிங்களாவது வேற எடம் பாத்துக்கினு போவும்.”

அக்கா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிக்க வரவில்லை, கண்தான் நிறைந்தது.

இடம் கிடைத்துவிட்டது. ஆனால் இத்தனை நாளாக ஊர் முழுக்க ஸ்கூல் கிரவுண்டு, ஸ்கூல் கிரவுண்டு என்று கூவியாயிற்று. மறுநாள் விழா. கரண்ட் இல்லாததால் பாதிப் பேர் கைபேசி அணைந்து கிடந்தது. என் கணவர் ஆட்டோவின் ஸ்பீக்கரை பாட்டரியில் கட்டி மைக்கை என் கையில் கொடுத்தார். பதிவு இல்லை, இனி நேராகவே பேசவேண்டும். மழையில் நனைந்துகொண்டே தெருத்தெருவாகப் போனோம். சில தெருக்களுக்குள் ஆட்டோ நுழையவே முடியவில்லை. தெருமுனையில் நின்று கத்தினேன். “எடம் மாறிடுச்சிங்க! மல்லாட்டை மண்டி! மல்லாட்டை மண்டி!”

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் புகுந்து ஆட்டோ நின்றுவிட்டது. என் கணவர் இறங்கித் தள்ளினார். என் தொண்டையும் கட்டிவிட்டது. அங்கே நின்றிருந்த ஒரு கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

“இன்னாக்கா, விழா இல்லன்னு ஆயிடுச்சா?”

“இருக்குதுண்ணே. எடந்தான் மாறிடுச்சி. மண்டித் தெரு. எப்டிச் சொல்றதுன்னுதான் தெரியல.”

“இதுக்குப் போயி... நீங்க வூட்டுக்குப் போங்க” என்றார். பக்கத்துப் பஸ் கண்டக்டரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். கொஞ்ச நேரத்தில் என் காதாலேயே கேட்டேன். “செஞ்சி, செஞ்சி, செஞ்சி! நாளைக்கு கலைவிழா மல்லாட்டை மண்டியில! செஞ்சி!” அதற்குப் பின்னால் புறப்பட்ட பஸ்ஸின் கண்டக்டரும் படியில் தொங்கிக்கொண்டு அதையே கூவினார்.

வீட்டுக்கு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தேன். மாலை மக்ரிப் தொழுகை முடிந்து, இன்வெர்ட்டரில் ஓடிய பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு அறிவிப்பு வந்தது. யாருக்காவது உணவுப் பொட்டலம் வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னவர், அதே மூச்சில், பள்ளி மைதானத்தில் நடப்பதாக இருந்த கலைவிழா மண்டித் தெருவுக்கு மாறியிருக்கிறது என்றும் சொன்னார். நான் நூலும் பொத்தானும் வாங்குகிற கடைக்காரர் சொல்லச் சொல்லியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. சற்று நேரத்தில் அம்மன் கோயில் மைக்கிலும் அதே சேதி. ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் சர்ச்சில் பூசை முடிவில் ஃபாதர் சொன்னார். சர்ச்சில் சொல்லச் சொன்னது நான். கோயிலில் யார் போய்ச் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் அவரை நினைக்காமல் நான் அந்தக் கோயிலைத் தாண்டுவதில்லை.

ஞாயிறு காலை மழை விட்டு விட்டுப் பெய்தது. குடோனைப் பெருக்க நான் போனபோது அங்கே ஏற்கனவே ஆட்கள் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். மண்டியில் மல்லாட்டை பொறுக்குகிற பெண்கள் அவர்கள். கூலி நாள் இல்லை. மண்டித் தெருவில் விழா என்று பஸ்ஸில் கேட்டார்களாம், நம்ம மண்டியாச்சே என்று வந்துவிட்டார்கள். டீச்சர் விழுப்புரத்திலிருந்து ஒரு பால் வண்டியில் ஏறி வந்து சேர்ந்தார். பாண்ட் முழங்கால்வரை சுருட்டியிருந்தது. குடோன் வாசலில் நின்று உள்ளே பார்த்தார். உடனே கயிறு கட்ட ஆரம்பித்தார். சாக்கு அடுக்குக்கும் தூணுக்கும் நடுவே கயிறு இழுத்து, துணி கிளிப் போட்டுப் படங்களை வரிசையாகத் தொங்கவிட்டோம். ஈரக் காற்றில் ஓரங்கள் சுருண்டன. பரவாயில்லை.

கெடார் பெண்கள் வரமாட்டார்கள் என்றே நினைத்தேன். அந்தப் பக்கம் ரோட்டில் தண்ணீர் ஓடுவதாகச் சொன்னார்கள். ஆனால் மத்தியானம் ஒரு காய்கறி வண்டி வந்து நின்றது. பின்னாலேயிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். மெயின் ரோடு வரைக்கும் டிராக்டரில் வந்து, அங்கே கையைக் காட்டி இந்த வண்டியை நிறுத்தினார்களாம். புடவையெல்லாம் நனைந்திருந்தது. பறைகளை மட்டும் உரச் சாக்கில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். இருந்தும் ஈரக் காற்றில் தோல் தளர்ந்துபோயிருந்தது. தலைவி குச்சியால் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோலச் சத்தம் வந்தது.

“கொஞ்சம் நெருப்பு காட்டணும்மா” என்றார்.

உள்ளே நெருப்பு கூடாது. வெளியே மழை. ஒட்டினாற்போல இருப்பது மண்டிக்காரர் வீடு. நான் தயங்கி நிற்பதைப் பார்த்துத் தலைவியே நேராக மண்டிக்காரரிடம் போனார். “ஐயா, கொஞ்சம் நெருப்பு வேணுங்க” என்றார்.

மண்டிக்காரர் பறைகளைப் பார்த்தார். தன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குச் சங்கடமாக இருந்தது முகத்தில் தெரிந்தது.

“தப்பா நெனச்சிக்காதம்மா” என்றார். “தோலு எங்க வூட்டுக்குள்ள வராது. என் இடுப்புல கட்டற பெல்ட்டுகூடத் துணிதான். ஆளுங்கள சொல்லல, தோலத்தான் சொல்றேன்.”

வீட்டுக்குள் வராதே என்பதை எத்தனை விதமாகச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கு என்னைவிட அதிகமாகத் தெரிந்திருக்கும். அவர் மண்டிக்காரரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்.

“எங்களுக்கு வூடு வேணாங்க. நெருப்புதான் வேணும். வூடு எங்களுக்கும் இருக்குது.”

“சரியாச் சொன்ன” என்றார் மண்டிக்காரர். கிடுகிடுவென்று முற்றத்தைக் கடந்து லாரி நிறுத்துகிற ஷெட்டுக்குப் போனார். அங்கே மழை விழாது. தானே ஒரு மூட்டை மல்லாட்டைத் தோலைத் தூக்கிவந்து தரையில் கொட்டினார். நன்றாக எரிகிற சரக்கு. ஆனால் உடனே பற்றவைக்கவில்லை. குந்தி உட்கார்ந்து, தோலைக் கைகையாக அள்ளிப் பரப்பிப் பார்க்க ஆரம்பித்தார். தலைவிக்குப் புரியவில்லை.

“இன்னாங்க தேட்றீங்க?”

“பூச்சி பொட்டு இருந்தா பாவம்மா. தெரியாம எரிஞ்சிடும்.”

தலைவி அவரைப் பார்த்தார். பறையைப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். ஈரப் புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு எதிரே குந்தி உட்கார்ந்து, அவரும் தோலை அள்ளிப் பரப்பினார். “இந்தா ஒண்ணு” என்று ஒரு வண்டை எடுத்து எட்ட விட்டார். “இந்தா, இன்னொண்ணு.” இரண்டு பேரும் அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மற்றப் பெண்களும் வந்து சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். என் வாழ்க்கையில் நான் பார்த்த காட்சிகளில் அதற்கு ஈடாக எதையும் சொல்லத் தெரியவில்லை.

நெருப்பு எரிந்தது. பறைகளை ஒவ்வொன்றாகக் காட்டித் திருப்பினார்கள். தலைவி மறுபடி ஒரு தட்டுத் தட்டினார். இந்தமுறை சத்தம் தெருவைத் தாண்டிப் போனது. அதைக் கேட்டுத்தான் விழா ஆரம்பமாகிவிட்டது என்று ஜனங்கள் ஓடிவந்தார்கள்.

எத்தனை பேர் வந்தார்கள் என்று நான் எண்ணவில்லை. குடோன் நிறைந்து, எடை மேடை நிறைந்து, ஷெட்டும் நிறைந்தது. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த குடும்பங்களை அந்தத் தலைமையாசிரியையே கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று நாளாக ஈரத்தில் கிடந்த பிள்ளைகள் காய்ந்த தரையில் உருண்டார்கள். மருந்துக்கடைக்காரர் குழல் வாசித்தார். பழக்கார அம்மா தன் மருமகளை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு, தான் செத்தால் அவள் எப்படி ஒப்பாரி வைப்பாள் என்று பாடிக் காட்டினார். சிரித்துச் சிரித்து அந்த மருமகளுக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் எங்களுக்கு உதவிய கண்டக்டர் டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்தார். படங்களைப் பார்த்துக்கொண்டே போனவர், மேலேயிருந்து பார்க்கிற பஸ் ஸ்டாண்டு படத்தின் முன்னால் நின்றுவிட்டார். “ஏம்மா, இது என் வண்டியாச்சே!” என்றார். கூரையில் தார்பாய் ஒட்டுப்போட்ட ஒரு பஸ்ஸை அந்தப் பிள்ளை வரைந்திருந்தாள். “மேல ஒட்டு போட்டிருக்கறது உனக்கு எப்டிம்மா தெரியும்?” பிள்ளை வெட்கத்தோடு, “உள்ள உக்காந்தா ஒழுவுதே” என்றாள். அந்தப் பதிலைக் கேட்டு டீச்சர் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

நர்ஸ் பாட ஆரம்பித்தபோது மறுபடி மழை பிடித்தது. தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் பேசுகிறவர் குரலே கேட்காது. ஜெனரேட்டரில் ஓடிய மைக்கும் எடுபடவில்லை. நர்ஸ் இரண்டு வரி பாடிப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது ஓரத்தில் உட்கார்ந்திருந்த கெடார் தலைவி, அழைக்காமலே எழுந்தார். மழை விழுகிற வேகத்துக்கே மெதுவாகப் பறையைத் தட்டத் தொடங்கினார். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். மழை வலுத்தால் இவர்களும் வலுப்பார்கள். மழை தணிந்தால் தணிவார்கள். கொஞ்ச நேரத்தில் தகரம் அதிர்வது மழையாலா பறையாலா என்று தெரியவில்லை. ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மண்டியில் மல்லாட்டை பொறுக்குகிற பெண்கள் ஆட ஆரம்பித்தார்கள். நர்ஸும் ஆடினார். நானும் ஆடினேன். என் கணவர் அதைக் கைபேசியில் எடுத்து வைத்திருக்கிறார், அழிக்கச் சொன்னால் அழிக்கமாட்டேன் என்கிறார்.

மழை ஓய்ந்ததும் நர்ஸ் விட்ட இடத்திலிருந்து பாடினார். அந்த நிசப்தத்தில் அவர் குரல் குடோனின் கடைசி வரைக்கும் போயிற்று.

பொழுது சாய்வதற்கு முன்னால், சொன்னபடியே நிறுத்தினோம். மண்டிக்கார அக்கா எலுமிச்சஞ்சாதமும் தயிர்ச்சாதமும் மல்லாட்டைத் துவையலும் செய்திருந்தார். வரிசையாக உட்காரவைத்து இலை போட்டார்கள். அந்தக் குடும்பமும் கெடார் பெண்களும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்களும் எந்த வரிசை எவருக்கு என்று இல்லாமல் கலந்து உட்கார்ந்தார்கள். நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்த பெரியவரும் அங்கே இருந்தார். துவையல் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். இருட்டுவதற்குள் நர்ஸ் இன்னொரு பாட்டுப் பாட, எல்லாம் முடிந்தது.

அதற்குப் பிறகும் விழா நடத்தியிருக்கிறோம், மைதானத்தில், நல்ல வெயிலில், கூரை அதிராமல். நன்றாகத்தான் நடந்தன. பொழுது சாய்வதற்கு முன்னால் சாப்பாட்டுக்கு நிறுத்துகிற வழக்கம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு டீச்சர் மண்டிக் கதையைச் சொல்வார்.

தண்ணீர் வடிந்த பிறகு கெடார் பெண்களுக்கு நன்றி சொல்வதற்காகப் போனேன். கழனியில் சாய்ந்துபோன நெல்லை நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நின்று பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தேன்.

“இன்னாம்மா இது?” என்றார் தலைவி.

“உங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி ஜாக்கெட் தைக்கப் போறேன்க்கா. அளவு எடுக்க வந்தேன்.”

சேற்றுக் கையை வாய்க்காலில் கழுவிக்கொண்டு ஒவ்வொருவராக வரப்பில் ஏறி நின்றார்கள். யாருக்கும் இரண்டு கையும் ஒரே அளவாக இல்லை. குச்சி பிடிக்கிற கை கொஞ்சம் பருத்திருந்தது. அதற்கேற்பத் தளர்வாகக் குறித்துக்கொண்டேன். என்ன நிறம் வேண்டும் என்று கேட்டதும் சண்டை ஆரம்பித்தது. ஒருத்தி சிவப்பு என்றாள், ஒருத்தி பச்சை என்றாள். தலைவி நடுவில் புகுந்து அதட்டினார்.

“செவப்பும் வேணாம், பச்சையும் வேணாம். மஞ்சக் கலரு தெய்யி. தூரத்துலேர்ந்து பாத்தாலும் தெரியணும்.”

மஞ்சளிலேயே தைத்துக் கொடுத்தேன்.